இரண்டாவது சொம்பு

என் மகள் நர்ஸ். அவள் வேலை பார்க்கும் இடத்தில், இனிப் பிழைக்க வழியில்லை என்று ஆகிவிட்டவர்களின் கட்டிலருகே உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்பதற்கென்றே இப்போது பயிற்சி கொடுக்கிறார்களாம். மூன்று நாள் வகுப்பு, நடுவில் டீ, பிஸ்கட், கடைசியில் ஒரு சான்றிதழ். குறுக்கே பேசக் கூடாது, தெரிந்த கதையானாலும் தெரியாத மாதிரிக் கேட்க வேண்டும், அவர்களாக நிறுத்தும்வரை கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் அவள் போனில் ஒப்பித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்தப் பயிற்சி ஒன்பது வயதிலேயே ஆகிவிட்டது. சான்றிதழ்தான் தரவில்லை. அபராதமாகக் கொடுத்தார்கள்.

அப்போது நாங்கள் செஞ்சியில் இருந்தோம். கொல்லையில் நின்றால் ராஜகிரிக் கோட்டை முழுசாகத் தெரியும் வீடு. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம். நைனா, அம்மா, நான் ஒரு பக்கம். நைனாவின் அண்ணனான பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே மகளான அக்கா இன்னொரு பக்கம். நைனாவுக்கு நிலத்து வேலை. பெரியப்பா திண்டிவனம் பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தவர். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்களே, அந்தக் கரி பஸ்ஸில்தான் தொழில் தொடங்கினார். பிறகு நல்ல பஸ் வந்தது, டீசல் வந்தது. ஆனால் பெரியப்பாவின் வாயில் கடைசிவரை ஓடியது கரி பஸ்தான்.

எங்கள் வீட்டில் கதை சொல்ல ஆள் உண்டு, கேட்கத்தான் ஆள் இல்லை. பெரியப்பா வாயைத் திறந்தால் போதும், "தெரியும், தெரியும்" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். கோட்டைக் குரங்கு ஒன்று அவருடைய டிரைவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறிப் போட்டுக்கொள்ள, ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் தூரத்திலிருந்து அதற்குச் சலாம் வைத்த கதையா? சலாம் வைப்பதற்கு முன்பே அம்மா அடுப்படியிலிருந்து சலாம் வைத்துவிடுவாள். பஸ்ஸில் வந்த ஒரு மாப்பிள்ளையின் முகம் கரிப்புகை அடித்துக் கறுத்துப்போய், இவன் நாங்கள் பார்த்த பையன் இல்லை என்று பெண் வீட்டார் சண்டைக்கு நின்ற கதையா? அதை நைனா முடித்துவைப்பார். நானும் சளைத்தவள் இல்லை. தன் கதையின் வாலை மற்றவர்கள் பிடுங்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபடி பெரியப்பா சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைப்பார்.

அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினைந்து நாள் தாங்கினால் அதிகம், வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவரை உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். வலி வரும்போது அவர் முனகுவது தெருவரை கேட்கும்.

பெரியப்பாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. அக்காவின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். மண்டகப்பட்டுப் பக்கத்துப் பையன் நிச்சயமாகியிருந்தான். எங்கள் கத்தோலிக்க வேதத்தில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு. நடுவில் நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கிவிட்டால் உயிர்த்த ஞாயிறு வரை கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அதுவரை பெரியப்பா தாங்க மாட்டார் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

முதல் ஓலை முடிந்த மறுநாள், அவஸ்தைப் பூசுதல் கொடுப்பதற்காகச் சாமியாரை வரச் சொன்னார்கள். சாகக் கிடப்பவருக்கு முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவங்களைச் சாமியாரிடம் தனியாகச் சொல்வது, அப்புறம் எண்ணெய் பூசுவது, கடைசியில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம். இதுதான் வரிசை. எங்கள் கோயில் பங்குக்கு அந்த மாதம்தான் புதுச் சாமியார் வந்திருந்தார். சின்ன வயது, மீசை மழித்த இடம் இன்னும் பச்சையாக இருக்கும். முன்னால் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் மணியடித்துக்கொண்டு நடக்க, பின்னால் சாமியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நன்மை போகிறதென்று தெருவே முழங்காலில் நின்றது.

பெரியப்பா படுத்திருக்கிறார் என்று அந்த வாரம் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. சாமியார் வந்த நேரத்தில் நான் உள்ளறைப் பரண்மேல் இருந்தேன். நைனா விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகள் அங்கேதான் இருந்தன. வறுக்காத நிலக்கடலையைத் தின்றால் வயிறு வலிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. மடி நிறைய அள்ளிக்கொண்டு இறங்கப் போகும்போது அறைக்குள் சாமியார் நுழைந்துவிட்டார். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஊதாத் துண்டை எடுத்து முத்தமிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் படுத்துவிட்டேன்.

அடுத்தவர் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பது பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டிருக்கலாம். பொத்தவில்லை.

சாமியார் புத்தகத்தில் உள்ளபடி மெதுவாகக் கேட்டார். என்ன பாவம் செய்தீர்கள், தயங்காமல் சொல்லுங்கள் என்றார். பெரியப்பா சொல்றேன் சாமி என்றார். ஆனால் அதற்கு முன்னால் பஸ்ஸைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும் என்றார். பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். பஸ் என்றால் கிளீனரைச் சொல்லாமல் முடியுமா? கிளீனரைச் சொன்னார். கிளீனரிலிருந்து தொப்பிக்கு வந்தார், தொப்பியிலிருந்து குரங்குக்கு. போலீஸ்காரர் சலாம் வைத்த இடம் வந்ததும் சாமியார் துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஊரிலேயே அந்தக் கதையை முதல்முறை கேட்கும் மனிதர் அவர் ஒருவர்தான். அதைக் கண்டுகொண்ட பெரியப்பாவின் குரல் ஏறியது. கறுத்த மாப்பிள்ளை வந்தான். மேட்டில் ஏறாத பஸ்ஸை ஒரு தாசில்தார் இறங்கித் தள்ளினார். கோயிலில் நண்பகல் மணி அடித்தபோதுதான் சாமியாருக்குத் தாம் வந்த காரியம் ஞாபகம் வந்தது. மீதியை நாளைக்குச் சொல்லுங்கள் என்று ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அவர் வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது. சிரித்த கண்ணீர். அது எனக்குத் தெரியும், பரணுக்குத் தெரியும். வாசலில் காத்திருந்த தெருவுக்குத் தெரியாதே. காலை ஒன்பது மணியிலிருந்து உச்சிப் பொழுதுவரை ஒரு மனுஷன் பாவம் சொல்லியிருக்கிறான், அதுவும் முடியவில்லை, கேட்ட சாமியாரே அழுதுகொண்டு போகிறார் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கொடுக்காத நன்மைக்கு முன்னால் உபதேசியார் மறுபடி மணியடித்துக்கொண்டு போனதே போதும், அவர் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமையும் சாமியார் வந்தார். புதனும் வந்தார். நானும் இரண்டு நாளும் முன்கூட்டியே பரணில் ஏறிக் காத்திருந்தேன். முதல் நாள் தற்செயல் என்று ஆண்டவரிடம் வாதாடலாம். மற்ற நாளுக்கெல்லாம் நரகம்தான் என்று தெரிந்தே ஏறினேன். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியப்பா ஒரு தடவைகூட முனகவில்லை. சாமியார் போன பிறகு கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார், மத்தியானம் வலியில்லாமல் தூங்கினார். பாவம் இறங்கியதால் வலி இறங்கிவிட்டது என்று நைனா முடிவுகட்டினார். வேறென்ன காரணம் சொல்ல முடியும், குரங்கு இறங்கியது என்றா?

பெரியம்மாதான் பாவம். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் கஞ்சியைத் தன் கையால் கொண்டுபோகாமல் அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் வெடித்துவிட்டாள். அடுப்படியில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"வாரத்துல மூணு நாளு திண்டிவனத்துலயே தங்கிடுவாரு. பஸ்சு நிக்குது, பஸ்சு நிக்குதுன்னு சொல்லுவாரு. இன்னாத்துக்கு நின்னுச்சின்னு இப்பதான தெரியுது."

அம்மா என்ன சமாதானம் சொல்லியும் எடுபடவில்லை. பெரியம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அவரை வாய்யா, போய்யா என்று நாள் முழுக்க அதட்டிக்கொண்டிருந்தவள் வாயை மூடியதும் வீடே ஒருமாதிரி ஆகிவிட்டது. பெரியப்பா படுத்தபடி கதவைப் பார்த்து "அவ எங்க?" என்று கேட்பார். இங்கேதான் இருக்கிறாள் என்போம். அவள் வாசல்படிக்கு அந்தப் பக்கம், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருப்பாள்.

நாலாம் நாள் வியாழக்கிழமை. அன்று பெரியப்பாவின் குரல் இறங்கியிருந்தது. நான் பரணில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கரி நனைந்த கதையைத் தொடங்கினார். அது எங்கள் குடும்பத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை. தளவானூரிலிருந்து ஒரு பெரியவர் தன் மகளை அழைத்துக்கொண்டு செஞ்சியில் பஸ் ஏறுகிறார். திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டில் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் செங்கல்பட்டில் ரயில்வே வேலை. மூன்று மணி ரயிலுக்குத் திரும்பியாக வேண்டும். இதையெல்லாம் பெரியவர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிறார். தீவனூர் தாண்டியதும் மழை. கரி நனைந்து அடுப்பு அணைந்து பஸ் நின்றுவிடுகிறது. மறுபடி பற்றவைத்துப் போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டது, ரயிலோடு மாப்பிள்ளையும் போய்விட்டான். அந்தப் பெண்தான் பெரியம்மா. அடுத்த வாரமே பெரியப்பா வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனார்கள்.

சாமியாரிடம் அந்தக் கதை வேறு மாதிரி போயிற்று.

"மழை பேயல சாமி. கரி தானா நனையல. குடிக்கத் தண்ணி வேணும்னு வண்டிய நிறுத்தி, அந்தப் பொண்ணுகிட்டயே சொம்பை வாங்கிக்கினு போய், பின்னாடி அடுப்புல ஊத்திட்டேன்."

பெரியப்பா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார். "ரயில்வேக்காரன் பொண்டாட்டியா செங்கல்பட்டு குவாட்டர்ஸுல ஃபேனு போட்டுக்கினு இருந்திருப்பா. நான் குறுக்க பூந்து கெடுத்துட்டேன். இங்க வந்து இருபது வருசமா மல்லாட்டை உரிக்கிறா. இப்ப பாதியில விட்டுட்டும் போறேன். அவகிட்ட இத்தச் சொல்ல எனக்கு வாய் வரல சாமி."

இதைச் சொல்லத்தான் அவர் நாலு நாள் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: இது ஒரு பாவமா? ஞானோபதேசத்தில் பத்துக் கட்டளை இருக்கிறது. பஸ்ஸில் தண்ணீர் ஊற்றாதிருப்பாயாக என்று அதில் எங்கேயும் இல்லை. யோசனையில் கையிலிருந்த மல்லாட்டை ஓடு ஒன்று நழுவிச் சாமியாரின் தோளில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், மேலே பார்க்கவில்லை. மந்திரம் சொல்லி மன்னிப்புக் கொடுத்து, கதவைத் திறந்து எல்லோரையும் கூப்பிட்டு, எண்ணெய் பூசி, நன்மை கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மா மட்டும் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே முழங்காலில் இருந்தாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். மோரைக் குடித்துவிட்டு, சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். நாலு நாள் பாவசங்கீர்த்தனம் என்றால் ஊரில் நாலு விதமாகப் பேசுகிறார்கள், திண்டிவனத்தில் வேறு குடும்பம் இருப்பதாகக்கூடக் காதில் விழுகிறது, உண்மை தெரியும்வரை இந்த ஞாயிறு இரண்டாம் ஓலை வேண்டாம் என்றார். நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். யாரைக் கேட்பது? கேட்டவர் சாமியார், கழுத்தை அறுத்தாலும் சொல்லக் கூடாது. சொன்னவரைக் கேட்கலாம் என்றால் சாகக் கிடக்கும் மனுஷனிடம் போய் உன் பாவம் என்ன என்று எந்த முகத்தோடு கேட்பது? அக்கா கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் விடை என் வயிற்றுக்குள் இருந்தது. பெரியம்மாவிடம் ஓடிப்போய், அந்தத் திண்டிவனத்துப் பொம்பளை நீதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நரகம். சொல்லாவிட்டால் அக்கா கல்யாணம் நின்றுபோகும். ஒன்பது வயதில் எனக்கு வந்த சோதனை சிறகு வைத்த எந்தச் சம்மனசுக்கும் வந்திருக்காது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மல்லாட்டை மட்டும் இறங்கியது.

சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம். சல்லடைத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலில் நின்று, முதலில் பொய் சொன்னதையும் அக்காவின் ரிப்பனை எடுத்ததையும் சொல்லிவிட்டு, கடைசியில் பாவசங்கீர்த்தனத்தை ஒட்டுக் கேட்டேன் என்று முணுமுணுத்தேன். எத்தனை தடவை என்று சாமியார் கேட்டார். நாலு என்றேன்.

"மல்லாட்டை வறுத்ததா, பச்சையா?" என்றார்.

பச்சை என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டது எதையும் சாகும்வரை ஒருவரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு அபராதம் விதித்தார். சாமியார் விதிக்கும் தண்டனையை அபராதம் என்போம். வழக்கமாகப் பத்து அருள்நிறை மந்திரம், மிஞ்சினால் ஒரு செபமாலை. எனக்கு விழுந்தது வேறு. வீட்டில் நோயாளியாகப் படுத்திருப்பவரிடம் போய் ஒரு கதை சொல்லச் சொல்ல வேண்டும், எந்தக் கதையானாலும் சரி, முதலிலிருந்து கடைசிவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்க வேண்டும். இவ்வளவுதானா என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் இருபது வருஷமாக ஒருவரும் செய்யாத காரியம் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா வாசற்படியில் முறத்தோடு இருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போய்க் கட்டில் காலருகே உட்கார்ந்தேன். எந்தக் கதையானாலும் சரி என்றுதானே சொன்னார்? ஊருக்கே தெரிந்த கதையைக் கேட்டால் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? பெரியப்பா, கரி நனைஞ்ச கதை சொல்லு என்றேன். சத்தமாகவே சொன்னேன், படிவரை கேட்கட்டும் என்று. அடுப்படியிலிருந்து அம்மா, தெரியாத கதையாக்கும் என்று குரல் கொடுத்தாள். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தி, என் அபராதம் இது, குறுக்கே பேசினால் எனக்குப் பலிக்காது என்று கெஞ்சினேன். அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

பெரியப்பா தொடங்கினார். தளவானூர்ப் பெரியவர் ஏறினார். வல்லம் தாண்டியது. தீவனூர் தாண்டியது. பஸ் நிற்கும் இடம் வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், மழை பேஞ்சு கரி நனைஞ்சிடுச்சு என்று கத்திவிடுவோம். அந்த இடத்தை இருபது வருஷமாக அவருக்காகத் தாண்டிக் கொடுத்தது எங்கள் வாய்தான். அன்று யாரும் கத்தவில்லை. பெரியப்பா காத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தேன். வாசற்படியில் மல்லாட்டை உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

"மழை பேயல," என்றார் பெரியப்பா.

உடைக்கும் சத்தம் நின்றது.

பெரியப்பா கதவைப் பார்த்து மீதியையும் சொன்னார். சொம்பை வாங்கியது, அடுப்பில் ஊற்றியது, ரயில்வேக்காரன், குவாட்டர்ஸ், ஃபேன் எல்லாம். சாமியாரிடம் சொன்னதைவிடக் கொஞ்சமாகத்தான் சொன்னார், ஆனால் அதிகமாக மூச்சு வாங்கியது. முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே வந்து, அவர் தலைமாட்டில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய்யா, ஒரு சொம்புத் தண்ணிக்கு அணையுற அடுப்பாய்யா அது?"

பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"மொத சொம்பை நீ எங்க கொண்டுபோய் ஊத்துனன்னு பின் ஜன்னல்ல பாத்துட்டேன். பொகையுது, அணையல. நீ திருதிருன்னு முழிச்சிக்கினு நின்ன. எங்கப்பா தூங்கிட்டாரு. நான்தான எறங்கிப்போய் வாய்க்கால்ல இன்னொரு சொம்பு மொண்டாந்து உன் கையில குடுத்தேன். அது எதுக்குன்னு நெனச்ச? உன் தாகத்துக்கா?"

பெரியப்பாவுக்கு வாயடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா விடவில்லை. வல்லத்திலிருந்தே நீ கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தாயே, அதே கண்ணாடியில் நான் உன்னைப் பார்க்க முடியாதா என்றாள். அந்த ரயில்வேக்காரனுக்காக யார் அழுதது என்றாள். பெரியப்பா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து அவர் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்குக் கணக்கு இடித்தது.

"இது ஒண்ணுக்கா நாலு நாளு? மீதி மூணு நாளு சாமியார்கிட்ட இன்னா சொன்ன?"

"கொரங்கு கதை," என்றார் பெரியப்பா.

ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. ஆனால் பூசை முடிந்ததும் பெரியம்மா கோயில் வாசலில் நின்று, தன் இருபது வருஷத்து ரகசியத்தைத் தேர் ஊர்வலம் மாதிரி ஊருக்குக் காட்டிவிட்டாள். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு மணியைத் துடைத்தார். சாமியார் எதையும் கேட்காதவர் போல ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டு போனார். புதன்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமன் மறுபடி வந்தார். கட்டிலருகே உட்கார்ந்தவர், மோரைக் குடித்ததும் கிளம்பலாம் என்றிருந்தவர், சாயங்காலம் கடைசி பஸ்ஸைத்தான் பிடித்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் இரண்டாம் ஓலையும் மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். தபசு காலத்துக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். மாலையும் கழுத்துமாகக் கோயிலிலிருந்து நேராகக் கட்டிலுக்கு வந்து நின்ற அக்காவையும் மாப்பிள்ளையையும் பெரியப்பா ஆசீர்வதித்தார். மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்து, கரி இல்லை, நம்ம பையன்தான் என்றார். டாக்டர் கொடுத்த பதினைந்து நாள் எப்போதோ கடந்துபோயிருந்தது.

எனக்கு மட்டும் ஒரு மனக்குறை. இத்தனை நாள் வயிற்றில் நெருப்பாகச் சுமந்த ரகசியம், கடைசியில் பெரியம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்த ரகசியம். அப்படியானால் அவளும் அல்லவா பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் தெரியும், தெரியும் என்று சொல்லவில்லை. பெரியப்பாவும் வேறு கதை கேட்டாலும் சொல்லவில்லை. அந்தக் கதைதான் வேண்டும், அதுவும் பெரியம்மா சொல்ல வேண்டும். பேச்சுக் குறைந்த பிறகு அவர் கட்டிலில் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். முதல் சொம்பு ஊற்றியாயிற்று, அடுப்பு அணையவில்லை என்ற இடத்தில் பெரியம்மா வேண்டுமென்றே நிறுத்துவாள். அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். அப்புறம்தான் மேலே சொல்வாள். நான் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தேன், இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை, பின்னால் அம்மா சொல்லித்தான் தெரியும்.

தபசு காலம் தொடங்கிய வாரத்துச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. காலை வெயில் கட்டில் வரை வந்திருந்தது. பெரியப்பா இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. பெரியம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து வல்லத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அறைக்குள் போனபோது கதை நின்றிருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கையில் இரண்டு விரல் மெல்ல நிமிர்ந்தன. தண்ணீர் கேட்கிறார், அதுவும் இரண்டு கேட்கிறார் என்று நான் ஓடினேன். தவலையிலிருந்து இரண்டு சொம்பு நிறைய மொண்டு, ஆளோடித் தரை முழுக்கச் சிந்திக்கொண்டு வந்து நின்றேன்.

பெரியம்மா என்னையும் சொம்புகளையும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். இன்னொன்றை வாங்கி அதில் விரலை நனைத்து அவர் உதட்டில் தடவினாள். "ரெண்டாவதும் வந்துடுச்சிய்யா," என்றாள். சிரித்தாள், அழுதாள், எது முதலில் என்று எனக்குத் தெரியவில்லை. தாகமென்று கேட்டவருக்கு இரண்டு சொம்பு முழுசாக இருக்கும்போது ஏன் நாலு சொட்டோடு நிறுத்திவிட்டாள் என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. கீழே வைத்த சொம்பை யாரும் தொடவில்லை. வீணாகிறதே என்று எடுத்துக்கொண்டு போய்க் கொல்லை முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அந்த இரண்டு விரலும் மடங்கியிருந்தன. பெரியம்மா அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தளவானூர்ப் பெரியவர் பஸ் ஏறுவதிலிருந்து கதையை மறுபடி ஆரம்பித்திருந்தாள். இப்பதான சொன்ன என்று கேட்க வாயெடுத்தேன். குறுக்கே பேசக் கூடாது என்ற அபராதம் ஞாபகம் வந்தது. பெரியப்பா தூங்கிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு, கட்டில் காலருகே உட்கார்ந்து, கதையை முழுசாகக் கேட்டேன்.